பென்சிற் கரியும் ஒட்டு நாடாவும்

எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் செய்முறையை உயர்தர வகுப்பு மாணாக்கர் யாவரும் அறிவர். நூலிற் கட்டிய குண்டினை மெல்ல ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து கணக்கிட்டால், 9.8 என்னும் எண்ணுக்கு அண்மையில் ஒரு விடை வரும். சென்ற தவணையில் அச்செய்முறைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது இரண்டு கொப்பிகள் எம் கண்ணை உறுத்தின. அறையின் இரு கோடிகளில் நின்று வேலை செய்த இரு மாணவர்களின் கொப்பிகள் அவை. அவற்றிற் குறித்திருந்த ஆறு நேரங்களும் செக்கனின் நூறில் ஒரு பங்குவரை ஒன்றாகவே இருந்தன. ஐந்தாவது வாசிப்பு வரிசையை விட்டுச் சற்றே விலகியிருந்தது. இரண்டு கொப்பிகளிலும் அது ஒரே அளவாக விலகியிருந்தது! விடை ஒத்துவருதல் இயல்பு. பிழையுங்கூட ஒத்துவருமாயின் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

இருவரையும் அழைத்து விசாரித்தோம். ஒருவன் தலைகுனிந்து நின்றான். மற்றவன், "சேர், எப்படியும் விடை 9.8 தானே?" என்றான். கோபித்துக்கொள்ள எமக்கு வாய் வரவில்லை. நாமும் மாணவராயிருந்த காலத்தில் விடையை முதலில் எழுதிவைத்து, அதிலிருந்து பின்னோக்கி நடந்து வாசிப்புக்களைச் சமைத்ததுண்டு. எம்மை அன்று ஒருவரும் பிடிக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஏச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாடவேளையில் மீதியாயிருந்த நேரத்தில் அவர்களுக்கு ஒரு கதை சொன்னோம். கதை என்றாலும் நடந்த கதை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அணுக்களைச் சில பத்தாக எண்ணிவிடக்கூடிய அத்துணைச் சிறிய உலகில் மின்சாரத்தை ஓடவைக்க முயன்றவர்களின் கதை அது. அவர்களுள் ஒரு சாராரிடம் பென்சிற் கரியும் ஒட்டு நாடாவும் இருந்தன. இன்னொருவரிடம் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்வுகூடமே இருந்தது. வீட்டிற் பிள்ளைகளோடு இப்பக்கத்தைப் படிக்கும் வாசகர்களுக்கும் அக்கதை பயன்படும் என்று எண்ணி இங்கு விரித்து எழுதுகின்றோம்.

பென்சிலின் உள்ளே

வாசிப்புக்களைப் பென்சிலால் எழுதவேண்டும் என்பது எமது ஆய்வுகூட வழக்கம். ஆகவே கதையின் முதற் பொருள் அவர்கள் கையிலேயே இருந்தது. பென்சிலின் நடுவே உள்ள கரிய குச்சியை நம்மவர் காரீயம் என்பர். காரீயம் என்பது ஈய உலோகத்துக்கு வழங்கிய பழம் பெயர். பென்சிலிலோ ஈயம் இம்மியும் இல்லை. இம்மயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரும் அதை ஈயம் என்றே பிழையாக அழைத்து வந்திருக்கின்றனர். உண்மையில் அது களிமண்ணோடு கலந்து சுட்ட பென்சிற் கரி. அக்கரி, வைரத்தைப் போலவே தூய காபன்.

பென்சிற் கரியின் அமைப்பு ஏட்டுச் சுவடியைப் போன்றது. ஒவ்வோர் ஏட்டிலும் காபன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து, தேன்கூட்டின் அறைகளைப் போல் விரிந்து கிடக்கின்றன. கைகோத்து நிற்கும் அணுக்களுக்கிடையே உள்ள தூரம் 0.142 நனோமீற்றர், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள தூரம் 0.335 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர் ஆதலால், ஒரு மில்லிமீற்றர் தடித்த பென்சிற் கரியில் ஏறக்குறைய முப்பது இலட்சம் ஏடுகள் அடங்கியிருக்கும். ஓர் ஏட்டுக்குள் அணுக்களின் பிடி மிக வலியது. ஏடுகளுக்கிடையே உள்ள பிடி மிக மெலியது. அதனாலேதான் தாளில் உரைத்தவுடன் ஏடுகள் வழுக்கிக் கழன்று கோடாகப் படிகின்றன. பிள்ளை 'அ' எழுதும்போது நடப்பது இதுவே.

அப்படியாயின், இந்த ஏடுகளில் ஒன்றை மட்டும் தனியே உரித்தெடுத்தால் அது எப்படி இருக்கும்? கேள்வி புதியதன்று. 1947 இல் கனடாவிற் பணியாற்றிய பிலிப் வாலஸ் என்பவர், அத்தகைய ஒற்றை ஏட்டில் இலத்திரன்கள் எவ்வாறு ஓடும் என்று தாளிற் கணக்கிட்டுக் காட்டினார். அணு உலைகளிற் பென்சிற் கரி பயன்பட்ட காலம் அது. அவர் உண்மையில் அறிய விரும்பியது முழுக் கரியின் இயல்பையே. ஒற்றை ஏடு அவருக்குக் கணக்கை எளிதாக்க உதவிய ஒரு கற்பனைப் பொருளாகவே இருந்தது. 1962 இல் யேர்மனியின் இரசாயன அறிஞர் ஹான்ஸ் பீற்றர் பேம் மிக மெல்லிய கரிப்படலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு எழுதினார். கிராபீன் என்னும் பெயரை 1986 இல் முன்மொழிந்தவர்களுள்ளும் அவர் ஒருவர். எனினும், தட்டையான ஒற்றை அணுத்தளம் வெப்பத்தின் அதிர்வைத் தாங்காது சுருண்டு குலைந்துவிடும் என்பதே இலாண்டோ, பையர்ல்ஸ் முதலிய பேரறிஞர்கள் காலத்திலிருந்து பலர் கொண்டிருந்த எண்ணம். இல்லாத பொருளை எவர் தேடுவார்?

குப்பைக் கூடையில் இருந்தது

தேடியவர் ஆந்திரே கைம். இரசியாவின் சோச்சி நகரிற் பிறந்து, இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தவர். இவர் முன்பு, வலிய காந்தம் ஒன்றின் மேல் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டவர். அதற்காக, சிரிப்பூட்டும் ஆராய்ச்சிகளுக்கு வழங்கும் கேலிப் பரிசினை 2000 ஆம் ஆண்டிற் கூச்சமின்றிப் பெற்றுக்கொண்டவர். வெள்ளிக்கிழமை மாலைகளில், வழக்கமான வேலையை ஒதுக்கிவைத்து, பலிக்குமோ பலிக்காதோ என்று தெரியாத பரிசோதனைகளைச் செய்துபார்ப்பது அவர் வழக்கம். மாணவராய் அவரிடம் சேர்ந்து சகபாடியாய் வளர்ந்தவர் கொன்ஸ்தாந்தின் நொவோசெலோவ்.

கைம் தம் மாணவர் ஒருவரிடம் பென்சிற் கரிக் கட்டி ஒன்றைக் கொடுத்து, இயன்றவரை மெல்லியதாகத் தேய்த்துத் தரும்படி கேட்டார். மாணவர் முழுக் கட்டியையும் தேய்த்து முடித்துத் துகள் ஒன்றைக் கொண்டுவந்தார். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் தடிப்பாகவே இருந்தது. அவ்வேளையில், அதே ஆய்வுகூடத்தில் வேறு வேலையில் இருந்த ஒருவர், பென்சிற் கரியின் முகத்தைத் துப்புரவாக்குவதற்குத் தாங்கள் ஒட்டு நாடாவை ஒட்டி உரித்து எறிவதாகக் கூறி, எறிந்த நாடாத் துண்டைக் காட்டினார். கடதாசிப் பொதிக்கு ஒட்டும் அதே நாடாதான். அதில் ஒட்டியிருந்த கரிப்படலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, தேய்த்துப் பெற்ற துகளினும் அவை மிக மெல்லியவையாக இருந்தன. உலகெங்கும் ஆய்வுகூடங்கள் நெடுங்காலமாகக் குப்பையில் எறிந்துகொண்டிருந்த பொருள் அது!

அதன் பின்னர் நடந்தது பொறுமையான வேலை. நாடாவை மடித்து ஒட்டி உரித்து, மீண்டும் மடித்து உரித்து, எஞ்சிய படலத்தைச் சிலிக்கன் வில்லை ஒன்றின் மேல் அழுத்தித் தேடினர். ஓர் அணுத் தடிப்புள்ள பொருளைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்? இங்கே அதிட்டமும் கைகொடுத்தது. அவர்கள் பயன்படுத்திய சிலிக்கனின் மேல் 300 நனோமீற்றர் தடித்த ஒட்சைட்டுப் படை இருந்தது. நீரின் மேற் படர்ந்த எண்ணெய் நிறம் காட்டுவது போல, அப்படையில் ஒளி பட்டுத் திரும்பும்போது ஒற்றை ஏடு மங்கிய நிழலாய்த் தோன்றும். ஒட்சைட்டின் தடிப்பு 300 க்குப் பதிலாக 315 ஆக இருந்திருந்தால், அந்த நிழல் முற்றாய் மறைந்துவிடும் என்று அவர்களே பின்னர் எழுதினர். கடையில் வேறொரு வில்லையை வாங்கியிருந்தால் இக்கதையே இல்லை.

அவர்கள் கட்டுரையை முதலில் அனுப்பிய இடத்தில் ஏற்கவில்லை. இறுதியில் 2004 ஒக்டோபரில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 2010 இல் இருவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது; ஆறே ஆண்டுகளில் நோபல் பரிசு என்பது அரிதான காரியம்.

இத்துணை விரைவில் உலகம் நம்பியதற்குக் காரணம் யாதெனின், நம்பவேண்டிய தேவையே எவருக்கும் இருக்கவில்லை என்பதாகும். ஐயமுள்ளவர் கரித்துண்டையும் நாடாவையும் எடுத்துத் தாமே செய்து பார்க்கலாம். பலர் செய்தனர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம் என்பவரின் குழுவினர் தனியே நாடா உரித்துத் தனியே அளந்தனர். வலிய காந்தப்புலத்தில் இந்த ஏட்டினுள் இலத்திரன்கள் காட்டும் விசித்திரமான படிக்கட்டு நடத்தையை இரு குழுவினரும் 2005 நவம்பரில் ஒரே இதழில் வெளியிட்டனர். ஒருவர் கொப்பியை மற்றவர் பாராமலே விடைகள் ஒத்தன. 1947 இல் வாலஸ் தாளில் எழுதிய கற்பனைப் பொருளின் கணக்கும் அவற்றோடு ஒத்தது.

மூடாத படலை

கிராபீனின் பெருமைகளைப் பத்திரிகைகள் வேண்டிய அளவுக்குப் பாடிவிட்டன. ஆதலால் சுருங்கச் சொல்வோம். ஓர் அணுத் தடிப்பேயாயினும் தன்மேல் விழும் ஒளியில் 2.3 வீதத்தை அது விழுங்கிவிடுகிறது. 2008 இற் கொலம்பியாவில் அளந்தபோது, அறிந்த பொருள்களுள் மிக வலியது என்று தெரிந்தது. அதனுள் இலத்திரன்கள் திணிவே இல்லாதன போல, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு வேகத்துடன் ஓடுகின்றன.

இனிச் சிலிக்கனுக்கு விடை கொடுத்து அனுப்பலாம் என்று அக்காலத்திற் பலர் எழுதினர். அங்கேதான் ஒரு தடை. கணினி என்பது கோடிக்கணக்கான திரான்சிற்றர்களின் கூட்டம். திரான்சிற்றர் ஒரு படலை. திறந்தால் மின்னோட்டம் போகவேண்டும், மூடினால் நிற்கவேண்டும். சிலிக்கனில் இலத்திரன்கள் இருக்கக்கூடாத ஒரு சக்தி இடைவெளி உண்டு. அவ்விடைவெளியே படலையின் கதவு. கிராபீனில் அவ்விடைவெளி இல்லை. வீதி அகலமானது, வழவழப்பானது, வண்டிகள் பறக்கின்றன. ஆனால் நிறுத்துவதற்குப் படலை இல்லை. மின்னோட்டத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தமுடியாது. சிலிக்கனின் ஆட்சி முடிந்தது என்று எழுதியவர்களுள் எத்தனை பேர் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினர் என்று தேடிப் பார்த்தால், வாசகர்களுக்குச் சலிப்பே மிஞ்சும்.

படலை மூடாவிடில் வேறு வழி இல்லையா? இலத்திரனிடம் மின்னேற்றம் மட்டும் இல்லை. தற்சுழற்சி என்னும் ஓர் இயல்பும் உண்டு. பம்பரம்போற் சுழல்கிறது என்பது முழு உண்மையன்று. ஆயினும் அது ஒரு சிறு காந்த ஊசியாய் நடந்துகொள்கிறது, அளந்தால் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இரண்டில் ஒன்றாகவே அகப்படுகிறது என்று கொண்டால் போதும். ஆம், இல்லை என்னும் இரண்டு சொற்களையே பேசத் தெரிந்த கணினிக்கு இது பொருத்தமான எழுத்தன்றோ? தற்சுழற்சியைக் கொண்டு செய்தியைத் தாங்கவைக்கும் இக்கலையை ஸ்பின்ட்ரோனிக்ஸ் என்று பெயரிட்டனர். நாம் சுழற்சி இலத்திரனியல் என்று வழங்கலாம்.

இது வெறுங் கனவன்று. 1988 இல் பிரான்சில் அல்பேர் பேர்ட்டும், யேர்மனியின் யூலிக் நகரிற் பீற்றர் குருன்பேர்க்கும், ஒருவரையொருவர் அறியாமலே, இரும்பையும் குரோமியத்தையும் ஒன்றன்மேலொன்றாக நனோமீற்றர்ப் படைகளாய் அடுக்கி ஒரே புதுமையைக் கண்டனர். அடுத்தடுத்த இரும்புப் படைகளின் காந்தத் திசைகள் எதிரெதிராய் இருப்பின் மின்னோட்டத்துக்குத் தடை அதிகம். ஒரே திசைக்குத் திரும்பினால் தடை குறைந்துவிடும். பேர்ட்டின் அடுக்குகளில், கடுங்குளிரில், ஏறக்குறைய அரைவாசியாகவே குறைந்தது. பத்தாண்டு கழியுமுன், 1997 இல், இத்தத்துவத்தாற் செய்தி வாசிக்கும் ஊசிகள் கணினிகளின் வன்தட்டுக்களில் ஏறிவிட்டன. 2007 இல் இருவருக்கும் நோபல் பரிசு. அக்காலத்து வன்தட்டில் நாம் சேமித்த கல்யாணப் படங்கள் யாவும் இலத்திரனின் தற்சுழற்சியால் வாசிக்கப்பட்டவையே.

தற்சுழற்சியைச் சுமந்து செல்வதற்குக் கிராபீன் நல்ல வாகனம் என்று பலர் கருதினர். காபன் இலேசான அணு. இலத்திரனின் ஓட்டம் அதன் சுழற்சியைக் குழப்பும் விளைவு அதிற் குறைவு. இயற்கைக் காபனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட அணுக்களின் கருவுக்குச் சுழற்சியே இல்லை. 2007 இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார், சாதாரண அறை வெப்பநிலையில், இலத்திரன்கள் தம் சுழற்சியை மறவாமல் ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோமீற்றர்வரை கிராபீனிற் பயணஞ் செய்வதைக் காட்டினர். அணு உலகில் அது நெடும் பயணம். ஆயினும், கணக்கு எதிர்பார்த்ததோ அதனினும் பன்மடங்கு நெடியது. குறையை மறைக்காமல் அவர்கள் வெளியிட்டனர். கீழே கிடந்த ஒட்சைட்டின் கரடும் மேலே படிந்த அழுக்குமே காரணமாகலாம் என்று ஐயுற்றுப் பின்வந்தோர் துப்புரவான படலங்களைச் செய்யச் செய்ய, அப்பயணம் முப்பது மைக்ரோமீற்றர்வரை நீண்டது. எண் சிறிதாயிருந்தபோது அதை எழுதிவைத்தவர்கள் இருந்தமையாலேதான் எங்கே குறை என்று தேட முடிந்தது.

ஒரே பிழை இரண்டு முறை

இனிக் கதையின் மறுபாதி. ஏட்டினை உரித்து உரித்துச் சிறிதாக்குவது ஒரு வழி என்றால், தனி மூலக்கூறு ஒன்றையே மின்கருவியாக்குவது இன்னொரு வழி. 1974 இல் ஆரி அவிரம், மார்க் இரற்னர் என்னும் இருவர், ஒரு பக்கம் இலத்திரனைக் கொடுக்கும் இயல்பும் மறுபக்கம் ஏற்கும் இயல்பும் உள்ள மூலக்கூறு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் என்று கணக்கிட்டனர். மூலக்கூற்று இலத்திரனியலின் தொடக்கம் அதுவே. ஆனால், ஒரு மூலக்கூற்றுக்குக் கம்பி பொருத்துவது யார்?

1997 இல் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ரீட், இரசாயனரான ஜேம்ஸ் ரூர் முதலியோர் ஓர் அழகிய வழியைக் கையாண்டனர். மெல்லிய பொற்கம்பியை வளையக்கூடிய தட்டில் ஒட்டி, தட்டை மெல்ல மெல்ல வளைத்தனர். கம்பி இழுபட்டு அறும். அறுந்த இரு முனைகளையும் பென்சீன் வளையத்தின் இரு பக்கத்திலும் கந்தகம் பூட்டிய மூலக்கூறுகள் மொய்த்துக்கொள்ளும். கந்தகத்துக்குப் பொன்மேற் பற்று அதிகம். பின்னர் முனைகளை மீண்டும் நெருக்கினால், ஒரு மூலக்கூறு இரு கரையையும் தொட்டுப் பாலமாகும். அதனூடே ஓடிய மின்னோட்டத்தை அளந்தனர்.

இத்துறை இவ்வாறு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஓர் இளைஞர் ஓடிவந்தார். யேர்மனியரான யான் ஹென்றிக் ஷேன், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். திரான்சிற்றர் பிறந்த இடமே பெல் ஆய்வுகூடம். ஷேன் தொட்டதெல்லாம் பொன்னாயிற்று. மின்கடத்தாத சேதனப் பளிங்குகள் அவர் கையில் மீக்கடத்திகளாயின. 2001 இல் ஒற்றை மூலக்கூற்றுப் படையாலான திரான்சிற்றரே செய்துவிட்டதாக அறிவித்தார். அவ்வாண்டிற் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது. நோபல் பரிசுக்கு உரியவர் என்று பேச்சு அடிபட்டது. ஒரே ஒரு குறை: உலகின் வேறெந்த ஆய்வுகூடத்திலும் அவர் செய்தது நடக்கவில்லை. தம் கைவண்ணம் போதாது என்றே பல இளம் ஆராய்ச்சியாளர் எண்ணினர். அவரைப் பின்பற்ற முயன்று தம் பட்டப்படிப்பின் மாதங்களையும் ஆண்டுகளையும் இழந்தனர்.

2002 இல், லிடியா சோன், போல் மக்யூவன் ஆகிய பேராசிரியர்கள் அவருடைய கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்த்தனர். எந்த அளவீட்டிலும் இரைச்சல் என்னும் சிறு நடுக்கம் இருக்கும். கோடு நேராய் ஓடாமல் தாறுமாறாகத் துடிக்கும். அத்துடிப்பு ஒருமுறை வந்தது போல் மறுமுறை வராது. ஷேனின் வெவ்வேறு கட்டுரைகளில், வெவ்வேறு கருவிகளின் அளவீடு என்று கூறி இட்ட வரைபடங்களில், அந்தத் துடிப்பு அச்சொட்டாக ஒன்றாக இருந்தது. இவ்விடத்திற் கதையை நிறுத்தி எம் மாணவர் முகத்தைப் பார்த்தோம். இருவரும் ஐந்தாவது வாசிப்பை நினைத்துக்கொண்டனர் என்பது தெரிந்தது.

மல்கம் பீஸ்லி என்னும் பேராசிரியரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 24 குற்றச்சாட்டுக்களை ஆராய்ந்து, 16 இல் மோசடி நடந்ததென 2002 செப்தெம்பரில் அறிக்கையிட்டது. செய்முறைக் கொப்பி எங்கே என்று கேட்டால், ஒழுங்காக வைத்திருக்கவில்லை. மூல வாசிப்புக்கள் எங்கே என்று கேட்டால், கணினியில் இடம் போதாமையால் அழித்துவிட்டதாக விடை. அவர் வேலை நீக்கப்பட்டார்; 'சயன்ஸ்' எட்டுக் கட்டுரைகளையும் 'நேச்சர்' ஏழையும் மீளப்பெற்றன; அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிய கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகம் 2004 இல் அதைப் பறித்தது. அதே 2004 இற்றான் மாஞ்செஸ்டரின் நாடாக் கட்டுரை வெளிவந்தது.

ஷேன் மூடர் அல்லர் என்பதே எம்மை உறுத்துவது. எந்த விடை வந்தால் அறிஞர்கள் மகிழ்வர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கொள்கை என்ன எதிர்பார்க்கிறதோ அந்த எண்ணைக் கொடுத்தார். 'எப்படியும் விடை 9.8 தானே' என்ற மாணவனின் கேள்வி அவர் உள்ளத்திலும் இருந்திருக்கவேண்டும்.

மூலக்கூற்று இலத்திரனியல் இந்த இடியிலிருந்து எழுந்ததெப்படி என்பதும் அறியத்தக்கது. 2003 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் பணியாற்றிய பிங்சியான் சூ, நோங்ஜியான் தாவோ என்னும் இருவர், பொன்முனை ஒன்றைப் பொற்றட்டில் தோய்த்து மெல்ல இழுத்து, பாலமாகும் மூலக்கூற்றின் மின்கடத்தலை அளந்தனர். ஒரு முறையன்று, ஆயிரக்கணக்கான முறை. நல்லதாய்த் தோன்றிய ஒன்றைப் பொறுக்கி வெளியிடாமல், வந்ததையெல்லாம் கூட்டி வரைபடமாக்கினர். ஒரு குறித்த பெறுமானத்திலும் அதன் இருமடங்கு, மும்மடங்கிலும் குன்றுகள் எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று மூலக்கூறுகள் பாலமான தருணங்கள் அவை. இன்று இத்துறையில் தனியொரு வாசிப்பைக் காட்டி எவரும் வாய் திறக்கமுடியாது.

இன்றைய நிலை

உரிப்பதும் கட்டுவதும் ஆகிய இரு வழிகளும் பின்னர் ஒன்றாய்ச் சந்தித்தன. 2010 இல் சுவிற்சர்லாந்திலும் யேர்மனியிலும் உள்ள அறிஞர்கள், சிறு மூலக்கூறுகளைப் பொன்னின் மேல் தூவிச் சூடாக்கி, அவை தாமே கைகோத்துக் கிராபீன் நாடாவாகும்படி செய்தனர். ஒரு நனோமீற்றர் அகலமேயுள்ள அந்நாடாவில் சக்தி இடைவெளி உண்டு. படலைக்குக் கதவு கிடைத்தது. 2024 சனவரியில், சீனாவின் தியென்சின் நகரிலும் அமெரிக்காவின் ஜோர்ஜியாவிலும் பணியாற்றும் வால்ற்றர் தி ஹீர் குழுவினர், சிலிக்கன் காபைட்டின் மேல் வளர்த்த கிராபீனில் 0.6 இலத்திரன் வோற்று இடைவெளியைக் காட்டினர். சிலிக்கனில் அது 1.1. ஆயினும், இக்கட்டுரையை எழுதும் இன்றும் கடையில் விற்கும் கணினியின் மூளை சிலிக்கனே.

கிராபீன் என்று பெயரிட்டு விற்கும் பொடிகளைப் பற்றியும் ஒரு சொல். 2018 இற் சிங்கப்பூர் அறிஞர்கள் உலகின் 60 நிறுவனங்களின் சரக்கை வாங்கிச் சோதித்தனர். பெரும்பாலானவற்றிற் கிராபீன் பத்து வீதத்துக்கும் குறைவு; மீதி, தூளாக்கிய பென்சிற் கரியே. இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கேகாலைப் பகுதியின் போகலையிலும் குருநாகற் பகுதியின் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் நமது காரீயம், தூய்மையில் உலகப் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காகக் கப்பல் கப்பலாய்ப் போனது. ஓமாகமையில் உள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தார் அதிலிருந்து கிராபீன் வகைகளை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருக்கின்றனர். கரியாக விற்ற நாடு ஏடாக விற்குமாயின் நன்றே. விற்கும் பொதியுள் ஏடு இருக்கவேண்டும் என்பதே எம் கவலை.

கதை முடிந்த பின், மாணவர் சிலர் பென்சிற் குச்சியில் ஒட்டு நாடாவை ஒட்டி உரித்து, உயிரியற் கூடத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தனர். அவர்களுள் ஒருவன் எழுதியிருந்தான்: "சாம்பல் நிறத் துண்டுகள் தெரிந்தன. எத்தனை அடுக்கு என்று இக்கருவியால் அறிய முடியவில்லை."

ஊசற் செய்முறையை அவ்விருவரும் அடுத்த கிழமை மீண்டும் செய்தனர். ஒருவனுக்கு 9.4 வந்தது. நூலைக் குறுக்கக் குறுக்க விடை மேலும் குறைந்துகொண்டே போயிற்று. ஏன் என்று இரண்டு பாடவேளை தேடி, நூலின் நீளத்தைக் கொளுக்கிவரை மட்டும் அளந்ததையும், குண்டின் மையம்வரை அளக்கத் தவறியதையும் அவனே கண்டுபிடித்தான். திருத்தி அளந்தபோது 9.7 வந்தது. பழைய வாசிப்புக்களை அழிக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அவற்றின்மேல் ஒரு கோடு மட்டும் கிழித்து, காரணத்தையும் அருகில் எழுது என்றோம். பென்சிலாலேயே எழுதினான்.